சைடிங், எஸ்டேட், டன்லப்: அம்பத்தூர்–ஆவடி ஊர்ப்பெயர்களில் தங்கிய காலனியம்

சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் புறநகர் மின்ரயில்களில் சில, 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்ற பெயரைத் தாங்கி ஓடுகின்றன. பட்டாளத்துச் சரக்கு இறக்கப் போட்ட கிளைத்தடம் அது. இன்று அதில் ஏறுபவர்கள் அலுவலகம் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான். வெள்ளையர் ஆட்சி போய்விட்டது, சைடிங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பகுதியின் தொழில் வரலாற்றை இப்படிப்பட்ட பெயர்களைப் பிடித்துக்கொண்டே படிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆவடி என்பது கவச வாகன, வெடிமருந்துக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு என்று உள்ளூரில் உறுதியாகச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ், நாடெங்கும் 'ஆவடி காங்கிரஸ்' என்றே அறியப்பட்டது. ஆனாலும் அந்தக் கதை ஒன்றைச் சரியாகச் சொல்கிறது: ராணுவம் வந்த பிறகுதான் ஊர் பிறந்தது என்ற நினைப்பு இங்கே ஆழமாக இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து முகாம்களும் கிடங்குகளும் அந்த நினைப்புக்கு அடித்தளம்.

'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது அந்த மாநாட்டில்தான். பந்தல் போட்ட இடத்துக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 1956 தொழிற்கொள்கைத் தீர்மானம் ஆயுத உற்பத்தியை அரசின் கையில் மட்டும் ஒதுக்கியது. அரசுக்கும் தனியாருக்கும் இடையிலான அந்தப் பிரிவினையை இந்த ரயில் பாதையிலேயே பார்க்கலாம். ஆவடியில் அரசு டாங்கி செய்தது. சில நிலையங்கள் கிழக்கே, அம்பத்தூரிலும் பாடியிலும் தனியார் சைக்கிளும் சக்கரமும் பிரேக்கும் செய்தார்கள்.

இரண்டு பக்கமும் பிரிட்டனின் வரைபடங்கள் இருந்தன என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆவடியிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. பாடியில் 1960-க்கும் 1962-க்கும் இடையில் டி.வி.எஸ். குழுமம் தொடங்கிய வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., சுந்தரம்-கிளேட்டன் எல்லாமே ஆங்கிலேயக் கூட்டு. டன்லப் தன் டயர் ஆலையை அம்பத்தூரில் 1959இல் திறந்தது. இதைப் பாசம் என்று கொள்ள வேண்டாம். 1957 வாக்கில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. கப்பலில் சரக்கு அனுப்பி விற்றுக்கொண்டிருந்த பலர், இங்கேயே செய்தால்தான் சந்தை மிஞ்சும் என்று கண்டார்கள். சுதந்திர இந்தியாவின் தற்சார்புக் கொள்கையே அவர்களை உள்ளே அழைத்து வந்தது.

சைக்கிள் கதை இன்னும் சுவையானது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் மூலதனம் பர்மாவில் திரண்டது. மௌல்மீனில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குடும்பம் அது. பேரரசு திறந்துவிட்ட பர்மாவில் சேர்ந்த பணம், பேரரசு சரியும் காலத்தில் ஊர் திரும்பி, இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கைகோத்தது. ஹெர்குலிஸ் என்பது பர்மிங்ஹாம் பெயர். பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தின் விரிவு 'பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்'. துப்பாக்கி செய்தவர்கள் பிறகு சைக்கிளுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் பி.எஸ்.ஏ. லேடிபேர்டில் மணியடித்துப் போனபோது அந்தத் துப்பாக்கியை யார் நினைத்தார்கள்? காலையில் ஆலைச் சங்கு ஊதினால், டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஹெர்குலிஸ் மிதித்துப் போனவர், ஹெர்குலிஸ் செய்யத்தான் போனார்.

இந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் வேண்டியிருந்தது. கிண்டியைத் தொடர்ந்து 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. அரசுப் பலகையில் 'தொழிற்பேட்டை'. மக்கள் வாயில் 'எஸ்டேட்'. வால்பாறையிலும் நீலகிரியிலும் எஸ்டேட் என்றால் தேயிலை, துரை, கங்காணி. அம்பத்தூரில் அதே சொல்லுக்கு லேத் பட்டறை, ஜாப் ஒர்க், சனிக்கிழமைச் சம்பளம் என்று பொருள் மாறியது. ஏரிப்பாசன ஊர்கள் மனைகளாயின.

பழைய பெயரை விடாத பழக்கம் பக்கத்துப் பூந்தமல்லிக்கும் உண்டு. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே படைமுகாம் இருந்தது. சென்னை நகருக்குள் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலை ஆகி நெடுங்காலமாகியும், பூந்தமல்லி ஹைரோடு என்றால்தான் ஆட்டோ நகரும்.

டன்லப் ஆலை பிற்காலத்தில் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய பேருந்து நிறுத்தம் மூடப்படவில்லை. "டன்லப்லாம் எறங்கு" என்று நடத்துநர் குரல் கொடுக்கும்போது, எஸ்டேட்டின் பழைய ஷெட்டுகள் இருந்த இடத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஓடும் மென்பொருள் ஊழியர்கள் இறங்குகிறார்கள். ஆவடி டாங்கி ஆலையும் 2021இல் அரசுத் துறை என்ற நிலையிலிருந்து அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்றின் கீழ் கொண்டுவரப்பட்டது.

1950இல் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. அம்பத்தூரிலோ இரண்டு 'சர்'கள் பலகையில் நிலைத்திருக்கிறார்கள். டி.ஐ. சைக்கிள்ஸ் தலைவராக இருந்த சர் ராமசாமி முதலியார் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. இங்கிலாந்துக் கூட்டாளி நிறுவனத்தின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் பெயரில் ஒரு மருத்துவமனை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரிக்குப் போ" என்பார்கள். ஸ்டெட்ஃபோர்ட் ஒரு ஆளின் பெயர் என்றே பலருக்குத் தோன்றியதில்லை.