டைல்ஸ் – மரத்தரை இணைப்பு

வீட்டுக்குள் டைல்ஸ் தரை முடிந்து மரத்தரை தொடங்கும் கோட்டை மூடி, இரண்டின் உயரத்தையும் சரிக்கட்டி, நீர் இறங்காமல் முடிக்கும் வேலை. பெரும்பாலும் படுக்கையறை நிலைக்கு நேர் கீழே வரும். திருநீர்மலை, பம்மல், குரோம்பேட்டைப் பக்கத்து அடுக்ககங்களில் கூடமும் சமையலறையும் விட்ரிஃபைடு டைல்ஸாக இருக்க, ஓர் அறைக்கு மட்டும் லேமினேட் பலகை போடும்போது இந்த வேலை தேவைப்படுகிறது.

டைல்ஸ் சிமென்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். மரம் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், வறண்டால் சுருங்கும். இழையின் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில் இது அதிகம். தேக்கு ஓரளவு அடக்கமானது. மரநாரை அழுத்திச் செய்த லேமினேட் பலகையோ, ஒருமுறை நீர் குடித்து உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே பலகையின் ஓரத்தில் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியை வெள்ளைச் சிமென்டாலோ கிரவுட்டாலோ அடைப்பதுதான் பெரிய தவறு. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் நகர இடமில்லாத பலகை நடுவில் மேடு தட்டும், அல்லது அடைப்பு பெயர்ந்து வரும்.

இரண்டு தரையும் ஒரே மட்டமென்றால் டி வடிவ அலுமினியப் பட்டியோ பித்தளைப் பட்டியோ போதும். ஆனால் பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன்மேலேயே லேமினேட் விரிப்பது இங்கே வழக்கம். 8 மி.மீ. பலகையும் அடியில் 2 மி.மீ. ஃபோம் ஷீட்டும் சேர்ந்து 10 மி.மீ. ஏறிவிடும். வெறுங்காலோடு நடமாடும் வீட்டில் அது விரலைப் பதம் பார்க்கும் உயரம். சரிவான ரிடியூசர் பட்டி வேண்டும். கதவின் அடிப்பக்கத்தை இழைக்க ஆசாரியை முன்பே அழைப்பது நல்லது. பலகை போட்டபின் கதவு திறக்காது. பட்டியின் திருகாணி இடைவெளி வழியே அடித்தரையில்தான் இறங்க வேண்டும். பலகையைத் துளைத்து இறக்கினால், விட்ட இடைவெளிக்கு வேலையே இல்லை. மூடிய கதவின் கனத்துக்குள் பட்டி மறைந்தால் எந்த அறையிலிருந்தும் மற்ற தரை தெரியாது.

பட்டிக்குப் பதில் கிரானைட் படி வைப்பதும் உண்டு. கல்லுக்குப் பேர்போன வட்டாரம் இது: பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வந்ததே, கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறை வகை என்பதால்தான். படி வைத்தாலும் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதைச் சிலிக்கான் போன்ற நெகிழும் பூச்சால் மூடலாம்.

மற்ற நாட்டுக் கையேடுகள் அதிகம் பேசாத ஒன்று, நம் வீடு கழுவும் பழக்கம். வாளி நீரை ஊற்றித் தள்ளும்போது அது நேரே இந்தக் கோட்டுக்குத்தான் ஓடிவரும். டைல்ஸ் பக்க விளிம்பில் சிலிக்கான் இழுப்பதும், மரத்தரையைப் பிழிந்த துணியால் மட்டும் துடைப்பதும் அவசியம். குளியலறை வாசலை ஒட்டி மரம் போடாதிருப்பதே மேல்.

திருநீர்மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது அண்மைய வரலாறு. இத்தகைய தாழ்வான பகுதியின் தரைத்தளத்தில் லேமினேட்டை எந்தப் பட்டியும் காப்பாற்றாது. அங்கே டைல்ஸோடு நிறுத்திக்கொள்வதே சரி.