வீடு யாருக்குக் கிடைத்தது?

புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று ஊர்கள் 1873ல் இணைந்து புடாபெஸ்ட் ஆயின. லண்டன் மாதிரியில் அமைந்த பொதுப்பணி மன்றம் அகலச் சாலைகளை வகுத்தது. மாவு மில்கள் பணம் கொண்டுவந்தன. 1896ல் ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயில் ஓடிற்று. 1910ல் ஜனத்தொகை சுமார் 8,80,000. இந்தக் காலத்தின் காபி ஹவுஸ்களைப் பற்றி எழுதித் தீரவில்லை. ஜான் லூகாக்ஸின் 'புடாபெஸ்ட் 1900' (1988) இவ்வகையில் நல்ல புத்தகம்தான், கொஞ்சம் ஏக்கம் கூடிப்போனது என்றாலும்.

1920ன் ட்ரியனான் ஒப்பந்தத்தில் கொலொஷ்வார், தெமெஷ்வார் போன்ற நகரங்கள் அண்டை நாடுகளுக்குப் போய்விட, சுருங்கிய தேசத்துக்கு இந்தத் தலைநகரம் பெருத்த தலையாயிற்று. ஃபெரென்ஸ் எர்தெய் 1939ல் எழுதிய 'ஹங்கேரிய நகரம்' பார்வையைச் சமவெளிப் பக்கம் திருப்பியது. அங்கே விவசாயிக்கு ஊருக்குள் ஒரு வீடு, வெளியே நிலத்தில் ஒரு வீடு. மேற்கத்திய அளவுகோலில் இவை நகரங்களே இல்லை. எர்தெய்க்கு இவைதான் ஹங்கேரியின் சொந்த வழி.

எனக்கு முக்கியமாகப் படுகிறவர்கள் இவர்களுக்குப் பின் வந்த இருவர்: நாவலாசிரியர் ஜியார்ஜ் கொன்ராட், சமூகவியலாளர் இவான் ஸெலேனி. 1960களில் நகரத் திட்ட அலுவலகம் ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். 1968ல் பேய்ச், ஸெகெட் நகரங்களில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது தெரிந்தது இது: குறைந்த வாடகைக்கு அரசு கட்டித் தந்த புதிய வீடுகள் அதிகாரிகளுக்கும் படித்தவர்களுக்குமே அதிகம் போயிருந்தன. தொழிலாளி தன் சேமிப்பிலும் கடனிலும் தானே கட்டிக்கொண்டான். வீட்டை அரசு தரும் என்ற கணக்கில்தான் அவன் கூலியில் வீட்டுக்கான பங்கு சேர்க்கப்படவில்லை. ஆக அவனுக்கு இரட்டை நஷ்டம். (கடன் மனுக்களோடு பகல் முழுதும் கழிக்கும் என் போன்றவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்துவிடுகிறது.) மேற்கே சந்தை உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை அரசு ஓரளவு தணிக்கிறது, இங்கே பங்கீடே அதை உண்டாக்கிற்று என்றார் ஸெலேனி. நம் இடதுசாரி நண்பர்களுக்கு இது உவப்பாக இராது. சந்தையைக் கொண்டாடுகிறவர்களுக்கும் இதில் அதிக ஆறுதல் இல்லை.

1971ல் இருவரும் இன்னொன்றைச் சொன்னார்கள். முதலீடெல்லாம் ஆலைகளுக்குப் போயிற்று. வீடு, தண்ணீர், சாலைக்குச் செலவு மிச்சம் பிடிக்கப்பட்டது. ஆலைக்கு ஆள் வேண்டும், ஆனால் அவன் நகரத்தில் குடியிருக்க இடமில்லை. கிராமத்திலிருந்து தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து போகிறவனின் தூக்கத்தில்தான் அந்தத் தொழில்மயம் நடந்தது.

பங்கிடும் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வியிலிருந்து, அறிவுஜீவிகளே ஒரு வர்க்கமாக ஆட்சிக்கு வருகிறார்கள் என்ற முடிவுக்குப் போனார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதிக்காக 1974ல் கைதானார்கள். விடுதலைக்குப் பின் ஸெலேனி 1975ல் நாட்டைவிட்டுப் போனார். புத்தகம் 1979ல் ஆங்கிலத்தில் வந்தது. நகர ஆய்வு 1983ல்.

கொன்ராட் அங்கேயே தங்கினார். 1977ல் வந்த அவருடைய 'நகர நிர்மாணி' நாவலில் பேசுகிறவன் ஒரு நகரத் திட்டக்காரன். நகரத்தைக் கட்டுவதில் தன் பங்கை மறைக்காமல், மூச்சுவிடாமல், நீண்ட நீண்ட வாக்கியங்களில் பேசிக்கொண்டே போகிறான். ஸெலேனியின் அட்டவணைகளில் வீடு பெற்றவர்கள் வரிசையில் இடம்பெறக்கூடிய ஆள்தான் அவனும்.