வெள்ளையணுக்களைக் காக்க வந்த ஊசி

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோதெரபி என்றதும் முடி கொட்டுமே என்றுதான் பலரும் பயப்படுவார்கள். மருத்துவர்களின் பயம் வேறு. வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை. புற்றுநோய் செல் எது, எலும்பு மஜ்ஜை செல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. மஜ்ஜை அடிபட்டால், கிருமிகளோடு மோதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குறைந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500க்கு மேல் இருக்க வேண்டியவை 500க்கும் கீழே போனால், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்து.

1980கள் வரை என்ன செய்தார்கள்? காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக். இல்லையென்றால் மருந்தைக் குறைப்பது, அடுத்த தவணையைத் தள்ளிப்போடுவது. இதில் லாபம் புற்றுநோய்க்குத்தான்!

1960களின் நடுவில் மெல்போர்னில் ரே பிராட்லியும் டொனால்ட் மெட்காஃபும் எலியின் மஜ்ஜை செல்களை அகாரில் வளர்த்தார்கள். (அகார் வேறொன்றுமில்லை, இனிப்பு செய்ய வாங்கும் சைனா கிராஸ்தான்.) செல்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. இஸ்ரேலில் லியோ சாக்ஸ், டோவ் ப்ளூஸ்னிக் இருவரும் தனியாக இதையே கண்டிருந்தார்கள். மற்ற செல்கள் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இருந்தால்தான் இவை வளரும் என்பது புரிந்தது. ஆனால் அது கிடைப்பதோ துளியிலும் துளி. நியூட்ரோஃபிலைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதத்தை எலியிலிருந்து தனியாகப் பிரிக்க 1983 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட இருபது வருடப் பொறுமை!

அதன் பிறகு எல்லாம் வேகம். 1986ல் மனித ஜி-சிஎஸ்எஃப் மரபணுவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே பிடித்தார்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் அதை வைத்துத் தயாரித்த ஃபில்கிராஸ்டிம் ஊசிக்கு 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தினமும் போட வேண்டிய ஊசி. தவணைக்கு ஒன்றே போதும் என்ற பெக்ஃபில்கிராஸ்டிம் 2002ல் வந்தது.

மார்பகப் புற்றுநோயில் பெரிய திருப்பம் 2003ல். நிணநீர்க் கணுக்களுக்கும் நோய் பரவியிருந்த 2005 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் மருந்தை, ஃபில்கிராஸ்டிம் துணையோடு இரண்டே வாரத்துக்கு ஒருமுறை தந்தார்கள். நோய் திரும்புவதும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. வெள்ளையணுக்கள் மோசமாகச் சரிந்ததும் இவர்களிடம்தான் குறைவு!

2005ல் இன்னொரு ஆய்வு. டோசிடாக்சல் எடுத்த 928 மார்பகப் புற்றுநோயாளிகளில், முதல் தவணையிலிருந்தே பெக்ஃபில்கிராஸ்டிம் போட்டவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான் வெள்ளையணு குறைந்து காய்ச்சல் வந்தது. போடாதவர்களில் 17 சதவீதம்.

அதுவரை, காய்ச்சல் வரும் வாய்ப்பு 40 சதவீதம் இருந்தால்தான் முன்கூட்டியே ஊசி என்பது அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் வழிமுறை. இந்த 40 மருத்துவக் கணக்கைவிட செலவுக் கணக்கில் பிறந்த எண் என்பதுதான் வேதனை. 2006ல் அதை 20 ஆகக் குறைத்தார்கள். விலை இறங்க மேலும் காலம் பிடித்தது. காப்புரிமை முடிந்து, 2015ல் அமெரிக்கா அனுமதித்த முதல் பயோசிமிலர் மருந்தே ஃபில்கிராஸ்டிமின் நகல்தான். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2014 டிசம்பரில், மெட்காஃப் காலமாகியிருந்தார்.