குடலுக்கும் ஒரு வரலாறு உண்டு

மன்னன் ஏறிய யானைக்கு வரலாறு எழுதி வைத்திருக்கிறோம். அவன் கட்டிய மதிலுக்கும், வெட்டிய குளத்துக்கும் வரலாறு உண்டு. அந்த மன்னனையும், அவனுக்கு வரி கொடுத்த உழவனையும் ஒருசேர வாழவைத்த வயிற்றுக்கு வரலாறு எழுதினோமா? இல்லை. வயிறு பேசத் தகாத பொருள். குடல் அருவருக்கத் தக்க பொருள். உடலை அறுத்துப் பார்ப்பதோ பெருந்தீட்டு! நமக்குக் கற்பிக்கப்பட்டது இவ்வளவே.

அதன் விளைவை நாம் வகுப்பறையில் காண்கிறோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் படிக்கும் நம் பிள்ளைகள் ‘பான்கிரியாஸ்’ என்று பிழையின்றி எழுதுகிறார்கள். அது உடலில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கை நெஞ்சுக்கும் தொப்புளுக்குமாக அலைகிறது. கணையம் என்று சொன்னால், “அது தமிழ்ப் பாடத்தில் வருவதா, ஐயா?” என்று கேட்கிறார்கள். அறிவியல் வேறு மொழியில் இருக்கிறது, நம் உடல் வேறு மொழியில் இருக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்குள் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணத்தை அகற்ற வரலாறே நல்ல கருவி.

முதலில், அயல்மொழிச் சொற்களை உரித்துப் பார்ப்போம். பான்கிரியாஸ் என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் என்ன? ‘எல்லாம் சதை’. டியோடினம் என்றால்? ‘பன்னிரண்டு’. பன்னிரண்டு விரல்களைப் பக்கம் பக்கமாக வைத்த நீளமுள்ள குடல் என்று பொருள். ஜெஜுனம் என்றால் ‘வெறுமை’. பிணத்தை அறுத்தபோது அப்பகுதி பெரும்பாலும் காலியாக இருந்ததால் வந்த பெயர். சீக்கம் என்றால் ‘குருடு’. ஒருபுறம் அடைபட்டிருப்பதால் அப்பெயர். அச்சொற்களில் மந்திரமும் இல்லை, மறையும் இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்ன எளிய சொற்கள் அவை.

நம்மிடம் அத்தகைய சொற்கள் இல்லையா? இரை தங்கும் பை இரைப்பை. இதைவிடத் தெளிவான பெயர் எந்த மொழியில் இருக்கிறது? சிறுகுடல், பெருங்குடல், குடல்வால், கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை — சொல்லே பாடம் நடத்துகிறது. இறைச்சிக் கடைக்குப் போய்ப் பாருங்கள், தோழர்களே! ஈரல் எது, குடல் எது, சுவரொட்டி எது என்று அங்கே கத்தி பிடித்தவர் நொடியில் காட்டுவார். ‘இழிதொழில்’ என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் நாவில் உடற்கூறு வாழ்ந்தது. ஏட்டைக் கட்டிக் காத்தவர்களோ, உடலைத் தொட்டால் தீட்டு என்று குளித்துக்கொண்டிருந்தார்கள். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தின்மேல் அறுவைக் கத்தி வைத்ததே இந்நாட்டில் ஒரு பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது என்றால், நாம் எவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்பது விளங்கும்.

கண்ணை மூடியிருந்தவர்கள் நாம் மட்டும் அல்லர். வயிற்றில் ஒரு நெருப்பு இருக்கிறது, அது உணவைச் சமைக்கிறது என்று இங்கே சொன்னார்கள். ‘சடராக்கினி’ என்று பெயரும் சூட்டினார்கள். கிரேக்க நாட்டிலும் செரிமானத்தைச் சமையல் என்றே கருதினார்கள். வேறுபாடு பின்னால்தான் வந்தது. அங்கே ஒருவர், “நெருப்பா? சோதித்துப் பார்ப்போம்” என்றார்.

1752-இல் பிரான்சு நாட்டு ரெயோமூர், உலோகக் குழலுக்குள் இறைச்சியை வைத்துப் பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து உமிழ்ந்த குழல் நசுங்கவில்லை. உள்ளிருந்த இறைச்சியோ கரைந்திருந்தது. அரைப்பது மட்டும் செரிமானமன்று, கரைக்கும் நீர் ஒன்று உண்டு என்று தெரிந்தது. இத்தாலியின் ஸ்பல்லன்சானி, துணிப்பையில் உணவைக் கட்டித் தாமே விழுங்கிச் சோதித்தார். 1822-இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் திறந்த துளை மூடவே இல்லை. பியூமாண்ட் என்ற படை மருத்துவர் அத்துளை வழியே நூலில் கட்டிய உணவை இறக்கி, எவ்வளவு நேரத்தில் எது கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து, 1833-இல் நூலாக்கினார். 1836-இல் ஷ்வான் இரைப்பை நீரிலிருந்து ‘பெப்சின்’ என்ற நொதியைக் கண்டார். நெருப்பு அணைந்தது, அறிவு சுடர்விட்டது!

அவ்வறிவின் சுருக்கம் இது. வாயில் உமிழ்நீர் மாப்பொருளைச் சிதைக்கத் தொடங்குகிறது. உணவுக்குழல் கவளத்தைத் தசை நெளிவால் கீழே தள்ளுகிறது. இரைப்பையில் அமிலமும் பெப்சினும் புரதத்தைத் தாக்குகின்றன. முன்சிறுகுடலில் கல்லீரலின் பித்தநீர் கொழுப்பைத் துளிகளாக உடைக்க, கணையநீர் மாப்பொருள், புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்கிறது. நீண்டு சுருண்ட சிறுகுடலின் உறிஞ்சிகள் சத்தைக் குருதியில் சேர்க்கின்றன. பெருங்குடல் எஞ்சிய நீரை ஈர்த்துக்கொள்கிறது. இதைச் சொல்லத் தமிழ் எங்கே தடுமாறிற்று?

தடுமாறாது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே மெய்ப்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர் அல்லர். அமெரிக்காவின் உஸ்டரில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி வெளியூர் போவதைக் கண்டார். தமிழில் படித்தவர் தம் ஊர் மக்களிடையே தங்குவார் என்று கருதி, 1860-களில் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கே மாற்றினார். தமிழ் மாணவர்களின் துணையோடு நூல்களைப் பெயர்த்தார். 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது. இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என நூல்கள் பெருகின. 1884-இல் மறைந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்ததைத் தம் கல்லறையில் பொறிக்கச் செய்திருந்தார். அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பது உண்மை. அந்தச் சமயம் நமக்கு வேண்டியதில்லை. அந்த உழைப்பு வேண்டும்.

அவர் சொற்களில் வடமொழி மிகுதி. உடற்கூற்றுக்கு அங்காதிபாதம்; உடலியக்கத்துக்குச் சுகரணம்! அவற்றைத் தமிழர் நாவு ஏற்கவில்லை. அவை நூலோடு நின்றன. 20-ஆம் நூற்றாண்டில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. 1916-இல் சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்க முயற்சியைத் தொடங்கினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936-இல் அறிஞரைக் கூட்டி, 1938-இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. 1940-இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் குழு அமைத்தபோது, வடமொழிச் சொற்களைத் திணிக்கும் முயற்சி இது என்று தமிழறிஞர்கள் எதிர்த்தெழுந்தனர். அது வெறும் மொழிப் பகையன்று. பாமரனுக்குப் புரியாத மொழியில் அறிவைப் பூட்டி வைத்தால், சாவியை வைத்திருப்பவன் ஆள்வான். கோயிலில் நடந்தது மருத்துவமனையிலும் நடக்கலாமா?

இதில் உயிர் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கலாகாது. வாந்திபேதியை அம்மன் சீற்றம் என்றார்கள். 1884-இல் காக் அது ஒரு கிருமி என்று அறிவித்தார். அக்கிருமியின் நஞ்சால் சிறுகுடல் நீரைக் கொட்டினாலும், சர்க்கரையோடு சேர்ந்த உப்பை ஏற்கும் வழி அங்கே அடைபடுவதில்லை என்பது 1960-களில் உறுதியாயிற்று. 1971-இல் வங்காள ஏதிலியர் முகாமில் திலீப் மகலனாபிசு சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. மந்திரம் செய்யாததைச் சிறுகுடலைப் பற்றிய அறிவு செய்தது!

ஆனால், பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்று நீரை நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ‘மாந்தம்’ என்று கயிறு கட்டக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் கண் குழிந்துவிடுகிறது. அந்தத் தாய்க்கு ஜெஜுனம் தெரியாதது குற்றமா? அவள் மொழியில் அவளிடம் சொல்லாதது நம் குற்றமா?

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியில் வடலூர் இருக்கிறது. 1867-இல் அங்கே இராமலிங்கர் தருமச்சாலை அமைத்தார். பசித்த வயிற்றுக்குச் சாதி கேளாமல் சோறு என்பது அதன் அறம். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வயிற்றுக்குச் சோறு பொதுவானால், வயிற்றைப் பற்றிய அறிவும் பொதுவாக வேண்டாமா? சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. நோயாளியோ தமிழில் வலிக்கிறது என்கிறார். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டுவது இளைஞர் கடன்.

படிப்பகந்தோறும் குடலின் படம் ஒன்றைத் தமிழ்ப் பெயர்களோடு மாட்டுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசற்பொடியைக் கரைக்கும் முறையையும், எந்நிலையில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு குழந்தை பிழைத்தாலும், குடலின் வரலாற்றில் நம் ஊரும் ஒரு வரி எழுதியதாகும்.