சந்தர்ப்பவாதம்

கொள்கையை ஒதுக்கிவிட்டு, அவ்வப்போது தனக்கு ஆதாயமுள்ள பக்கம் சேரும் போக்கு சந்தர்ப்பவாதம் எனப்படும். அப்படி நடப்பவர் சந்தர்ப்பவாதி, பேச்சுவழக்கில் பச்சோந்தி.

வடமொழியில் ‘சந்தர்ப்பம்’ என்பதற்குத் தொடுத்தல், கோத்தல் என்பவையே மூலப்பொருள். இந்தியில் ‘சந்தர்ப்’ இன்றும் முன்பின் தொடர்பைக் குறிக்கிறது. தென்னிந்திய மொழிகளில் அது வேளை, தறுவாய் என்ற பொருளை ஏற்றது. அதன் பிறகே தமிழில் ‘வாதம்’ சேர்ந்து இச்சொல் அமைய முடிந்தது. ஆகவே இதை வெறும் வடசொல் என்று தள்ளுவது சரியன்று.

வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத் தலைமையிடமான மாயாபந்தரில் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றும் புழங்குகின்றன. அவற்றுள் சந்தர்ப்பவாதத்தை இந்தி ‘அவசர்வாத்’ என்கிறது. தமிழில் ‘அவசரம்’ விரைவைக் குறிப்பதால் அச்சொல் இங்கே பொருந்தாது. வங்காளச் சொல் ‘சுபிதாபாத்’. சுபிதா என்றால் வசதி. மூன்றிலும் இதுவே குற்றத்தை நேராகச் சுட்டுகிறது.

இதற்கான ‘ஆப்பர்ச்சூனிசம்’ என்ற ஐரோப்பியச் சொல்லின் வேர், துறைமுகம் நோக்கி வீசும் காற்றைக் குறித்த இலத்தீன் அடைமொழி. பிரான்சில் 1870களில் அரசியல் தலைவர் கம்பெத்தாவின் மிதவாதக் குடியரசினர், சீர்திருத்தங்களுக்கு உரிய வேளை வரட்டும் என்றனர். எதிரிகள் அவர்களைச் சந்தர்ப்பவாதிகள் என்று ஏசினர். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி போர்க்கடனுக்கு வாக்களித்தபோது லெனின் அதை இச்சொல்லால் கடுமையாகச் சாடினார். தமிழில் இடதுசாரி எழுத்துகள் இதைப் பெரிதும் கையாண்டன.

வேளை பார்த்துச் செயல்படுவதெல்லாம் சந்தர்ப்பவாதம் ஆகாது. திருக்குறளின் 49ஆம் அதிகாரமான ‘காலமறிதல்’ அதை ஆள்வோர்க்கு வேண்டிய திறமாகவே வைக்கிறது. குறிக்கோளை விற்காதவரை வேளை பார்ப்பது விவேகம்.

இந்திய அரசியலில் சந்தர்ப்பவாதத்தின் பெயர்பெற்ற வடிவம் கட்சித் தாவல். 1967இல் ஹரியானா சட்டமன்ற உறுப்பினர் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அணி மாறியதால் ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற வழக்கு தோன்றியது. 1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்து, தாவுவோரின் பதவியைப் பறிக்க வழிசெய்தது. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. அங்கே அந்த அட்டவணைக்கு உட்பட்டவர் ஒரே ஒரு மக்களவை உறுப்பினர்தான்.