மதுவும் மூளைப் படிமமும்

நெடுங்காலம் மதுபானம் அருந்தியவரின் மூளையைக் காந்த அதிர்வுப் படிமத்தில் நோக்குங்கால், நெற்றிப்புறத்து மேற்பட்டை சுருங்கி, நீரறைகள் விரிந்திருத்தல் பிரத்தியட்சமாகும். குடியை அறவே விடுத்தோர்க்கு இச்சுருக்கம் சில மாதங்களில் ஓரளவு மீளுதலும் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது: மதுவையே தீண்டாத, ஆயினும் குடிநோய் மிகுந்த குடும்பத்திற் பிறந்த இளைஞரிடத்தும் சாம்பற்பொருள் குறைந்திருந்தது. குடிநோய்க்கு ஏதுவான மூளையமைப்பு குடிக்குமுன்னரே குடும்பவழி அமைதல் கூடும்; ஆதலின் குடிநோயாளியை ஒழுக்கங்கெட்டவர் என இகழ்தல் நியாயமன்று.

தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைக் குடல் ஏற்பதை மது தடுத்தலால், 1881-இல் மருத்துவர் வெர்னிக்கே விவரித்த மூளைநோய் விளைகிறது. படிமத்தில் அதன் குறி, மூளை நடுவிலுள்ள தலாமஸின் உட்பகுதியில் இருபுறமும் பெரும்பாலும் வெண்மையாய்த் தோன்றும். திருவிடைமருதூர் போன்ற காவிரிப் பாசன ஊர்களில் வழங்கும் புழுங்கலரிசியில், நெல் அவியும்போது தவிட்டிலுள்ள இச்சத்து மணிக்குள் இறங்கி நிலைப்பினும், சோற்றையே மறந்து குடிப்பவருக்கு அதனாற் பிரயோசனமில்லை. இந்நோய் ஐயுறப்படின், குளுக்கோசு ஏற்றுமுன்னரோ உடனோ தயமின் ஊசி செலுத்துதல் அவசியம்.