கால்வாயை ஓட்டிக் காட்டியவர்கள்

சூயஸ் நெருக்கடி என்றால் எல்லாப் புத்தகங்களும் எகிப்து அதிபர் நாசரின் பேச்சைச் சொல்கின்றன, குண்டுவீச்சைச் சொல்கின்றன, பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பதவி இழந்ததைச் சொல்கின்றன. கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகளுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். வணிகக் கப்பலில் அதிகாரியாக அந்தக் கால்வாயில் போய்வந்த எனக்கு இது ஆறாத மனக்குறை. 1956-இல் எகிப்து வென்றது செப்டம்பர் மாதத்தில், வென்று கொடுத்தவர்கள் பைலட்டுகள் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட் சையதில் ஒரு பைலட் ஏறுவார். பாதி வழியில் இஸ்மாயிலியாவில் அவர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். கயிறு கட்டும் ஆட்களையும் அவர்களுடைய படகையும் சேர்த்தே மேலே தூக்கி வைத்துக்கொள்வோம். இரவுப் பயணத்துக்குக் கப்பலின் முன்முனையான அணியத்தில் பெரிய சர்ச்லைட் எரியும். பிறகு வரிசையாகக் கப்பல்கள், மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் போல மெதுவாக. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுக் கதவு கிடையாது, பெரும்பாலும் நேர்க்கோடு. பார்ப்பவருக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒடுங்கிய தண்ணீரில் பெரிய கப்பல் ஒரு கரைப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கினாலும் போதும். தண்ணீரின் அழுத்தம் அணியத்தை எதிர்ப்பக்கம் தள்ளும், பின்முனையான அமரத்தைக் கரைக்கு இழுக்கும். பைலட் அதைக் காலடியிலேயே உணர்ந்து, கப்பல் திரும்பத் தொடங்கும் முன்பே சுக்கானுக்கு உத்தரவு கொடுத்துவிட வேண்டும். சற்றுப் பிந்தினால் கப்பல் குறுக்கே விழும், பின்னால் வருபவை அத்தனையும் நிற்கும். 2021 மார்ச்சில் எவர் கிவன் அப்படித்தான் ஆறு நாள் வழியை அடைத்துக் கிடந்தது.

1869-இல் கால்வாய் திறந்தபோது எகிப்துக்கும் அதில் பெரிய பங்கு இருந்தது. கடனில் மூழ்கிய எகிப்து ஆட்சியாளர் கெதிவ் இஸ்மாயில் 1875-இல் அந்தப் பங்கை பிரிட்டனுக்கு 40 லட்சம் பவுண்டுக்கு விற்றார். அதன்பின் மண்ணும் தண்ணீரும் எகிப்துடையவை, நிர்வாகம் பாரிசில் இருந்த கம்பெனியுடையது. 1968 வரை கால்வாயை நடத்த அதற்கு உரிமை தரப்பட்டிருந்தது. 1956-இல் ஏறத்தாழ 200 பைலட்டுகள் வேலை பார்த்தார்கள். எகிப்தியர் 40 பேர் அளவுக்குத்தான். தன் நாட்டு மண்ணில் வெட்டிய கால்வாயில் கப்பல் ஓட்ட எகிப்தியருக்குத் திறமை போதாது என்று லண்டனிலும் பாரிசிலும் வெளிப்படையாகவே பேசினார்கள்.

1956 ஜூலை 19-இல் எகிப்தின் அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்கா நிறுத்திக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 26 இரவு, அலெக்சாந்திரியாவில் நாசர் பேசினார். உலக வங்கித் தலைவர் யூஜின் பிளாக் எதிரே உட்கார்ந்தபோது, கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸெப்ஸ் முன்னால் உட்கார்ந்தது போலத் தோன்றியது என்றார். அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதுதான் அடையாளச் சொல். ராணுவப் பொறியாளர் மஹ்மூத் யூனிஸின் ஆட்கள் வானொலியருகே அதற்காகவே காத்திருந்தார்கள். அந்தப் பேச்சில் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார்; பேச்சு முடிவதற்குள் கம்பெனி அலுவலகங்கள் அவர்கள் கைக்கு வந்துவிட்டன. 1955-இல் கம்பெனிக்கு மூன்றரைக் கோடி பவுண்டு வருமானம், எகிப்துக்கு அதில் 10 லட்சம்தான் என்று நாசர் கணக்குச் சொன்னபோது கூட்டம் கொதித்தது.

அலுவலகத்தைப் பிடிப்பது ஒரு ராத்திரி வேலை. கால்வாயை ஓட்டுவது தினசரி வேலை. அந்த 1955-இல் கால்வாய் வழியே போன கப்பல்கள் 14,000-க்கும் மேல், நாளொன்றுக்கு நாற்பது. ஐரோப்பாவின் எண்ணெயில் பெரும்பங்கு அதில்தான் போனது. ஆகஸ்டில் லண்டனில் 22 நாடுகள் கூடின. கால்வாயைச் சர்வதேச நிர்வாகத்தில் வைக்கும் திட்டத்தை 18 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத் யூனியன் நான்கும் சேரவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் மென்சீஸ் அந்தத் திட்டத்தோடு கெய்ரோ போய் வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்து லண்டனும் பாரிசும் பைலட்டுகளை ஆயுதமாக எடுத்தன. கம்பெனியின் சொல்படி, செப்டம்பர் 14 இரவோடு வெளிநாட்டுப் பைலட்டுகளில் பெரும்பாலோர் வேலையை விட்டு வெளியேறினார்கள். அதோடு நிற்கவில்லை. பிரிட்டனும் பிரான்சும் தங்கள் கப்பல்களை ஒரே நேரத்தில் கால்வாய் வாயில் குவித்தன. வரிசை நீளும், ஏதாவது ஒரு கப்பல் தரைதட்டும், எகிப்தியரால் முடியவில்லை என்று உலகத்துக்குச் சொல்லலாம் என்பது கணக்கு.

மிஞ்சியிருந்த எகிப்தியரும், போக மறுத்துத் தங்கிவிட்ட கிரேக்கப் பைலட்டுகளும் அந்தக் கூட்டத்தைக் கரைத்தார்கள். ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்து ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஏறினார்கள். சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா போன்ற நாடுகளிலிருந்து புதியவர்கள் வந்து வேகமாகப் பழகிக்கொண்டார்கள். போக்குவரத்து நிற்கவில்லை. அந்த நாட்களில் பிரிட்ஜில் நின்றவர்களின் கால் எப்படிக் கடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் கண்ணயர்ந்திருந்தால் ஒரு நாட்டின் வழக்கே தோற்றிருக்கும்.

போருக்கு முகாந்திரமாகச் சொல்லிவந்த காரணம் அங்கேயே செத்துவிட்டது. கால்வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் காப்பாற்ற வருகிறோம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் பாரிசுக்கு அருகே செவ்ரில், அக்டோபர் 24-இல், இஸ்ரேலோடு ரகசிய ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. 29-இல் இஸ்ரேல் தாக்கியது. இரு தரப்பையும் விலக்க வருகிறோம் என்று சொல்லி பிரிட்டனும் பிரான்சும் குண்டு போட்டன, நவம்பர் 5-இல் படை இறக்கின. எகிப்து கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. அமெரிக்கா நெருக்கியதால் மறுநாளே சண்டை நின்றது.

சிதைந்த கப்பல்களை ஐ.நா. அப்புறப்படுத்த, 1957 ஏப்ரலில் கால்வாய் மறுபடி திறந்தது. மே மாதம் ஈடனுக்கு அடுத்து வந்த மெக்மில்லனின் அரசு, தன் நாட்டுக் கப்பல் முதலாளிகளிடம் இனி அந்த வழியே போகலாம் என்றது. சுங்கத்தை எகிப்து வாங்கியது. எகிப்து அனுப்பிய பைலட்டே பிரிட்ஜில் ஏறினார். பழைய பங்குதாரர்களுக்கு இழப்பீடு 1958-இல் பேசி முடிந்தது. 1959-இல் கால்வாயை ஆழப்படுத்த யூஜின் பிளாக்கின் உலக வங்கியே எகிப்தின் கால்வாய் ஆணையத்துக்குக் கடன் கொடுத்தது.